சித்தூர் வண்டி, திருப்பதி வண்டி

இந்த வண்டியை ஏன் வாங்கினீர்கள் என்று யாராவது கேட்டால் என் தம்பி இரண்டு கையையும் கூப்பி, "அம்மா சொன்னா, வாங்கினோம்" என்பான். அம்மா என்றால் எங்களைப் பெற்றவள் இல்லை. எங்கள் ஊர் ஏரிக்கரையில் இருக்கும் கங்கம்மாவைத்தான் சொல்கிறான். அவன் கும்பிடும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். கங்கம்மா அப்படி எதுவும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் ஆந்திர எல்லையில், பாலசமுத்திரத்துக்குப் பக்கம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் தமிழ்நாடு வந்துவிடும். ஆனாலும் ரேஷன் கார்டும் பள்ளிக்கூடமும் எங்களுக்குத் தெலுங்கில்தான். நைனா அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தே போய்ச் சேர்ந்தார். அப்போது எனக்குப் பதினேழு வயது, தம்பிக்கு ஆறு. அதிலிருந்து அவனுக்கு நைனாவும் நான்தான், அண்ணனும் நான்தான்.

நான் இருபது வருஷத்துக்கு மேல் பிறத்தியார் வண்டி ஓட்டியவன். திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டுக் குடோனில் பிஸ்கட்டும் சோப்பும் ஏற்றிக்கொண்டு புத்தூர், நகரி, சத்தியவேடு என்று கடை கடையாகப் போட்டுக்கொண்டு வருவது வேலை. நான் ஓட்டுவேன், தம்பி இறக்குவான். இரண்டு பேரும் ஒரே முதலாளியிடம். எனக்கு வேறு தொழில் தெரியாது. தரையில் நிற்கும்போது நான் யார் எது சொன்னாலும் தலையாட்டுகிற ஆள். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் மந்திரி கார் குறுக்கே வந்தாலும் திட்டுவேன். என் வீட்டுக்காரி அடிக்கடி சொல்வாள், "உன்ன வண்டிக்கே கட்டிக் குடுத்திருக்கணும்" என்று.

மூன்று வருஷத்துக்கு முன்னால் லோடு மேலே ஏறித் தார்ப்பாய் கட்டும்போது வழுக்கி விழுந்தேன். இடது முழங்கால் போனது. புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டேன். பிரிக்கச் சொன்ன நாள் வரைக்கும் பொறுமை இல்லாமல், நானே கத்தரிக்கோலை வைத்துப் பிரித்துவிட்டு வேலைக்கு ஓடினேன். கட்டினவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. முழங்கால் பாதிதான் மடங்கும். கிளட்ச் மிதிக்க அது போதும், உயரமான படியில் ஏறப் போதாது.

முதலாளி வயதாகிவிட்டது என்று வண்டிகளை விற்றபோது, தம்பிதான் சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்றான். இரண்டு வீட்டிலும் இருந்ததைச் சேர்த்தால் ஒரு வண்டிக்கு முன்பணம் தேறியது. ஒரே ஒரு வண்டிக்கு. அதற்குப் பிறகு தவறு செய்ய எங்களிடம் ஒன்றும் மிச்சம் இருக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

முதலில் சித்தூருக்குப் போனோம். ஷோரூமில் டை கட்டிய ஒரு பையன், "எக்கி கூர்ச்சோண்டி அன்னா" என்று கதவைத் திறந்துவிட்டான். ஏறி உட்காரச் சொல்கிறான். நான் வண்டியின் முகத்தைப் பார்க்கவில்லை, டயரைப் பார்க்கவில்லை. படியைப் பார்த்தேன். தாழ்வான படி. முதலில் பின்பக்கத்தைச் சீட்டில் வைத்து, அப்புறம் காலை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். வீட்டு வாசற்படியில் உட்காருவது மாதிரி உட்கார்ந்தேன். கிளட்ச் பஞ்சு மாதிரி இறங்கியது. அந்தப் பையன் மைலேஜைப் பற்றியும் முன்னால் இருந்த சின்னத் திரையைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போனான். எனக்குக் காதில் ஏறவில்லை. கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன், அழுகை வந்துவிடும் போல இருந்தது. இன்னும் பத்து வருஷம் ஓட்டலாம் என்று நினைத்தேன்.

பின்னால் தம்பி கதவைத் திறந்து பாடிக்குள் ஏறினான். அவன் நல்ல உயரம். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, முதுகை வளைத்துத்தான் உள்ளே நிற்க முடிந்தது. டேப்பை நீட்டி நீளத்தை அளந்தான்.

"எட்டடிதான் கீதுண்ணா."

"எட்டடி போதாதா?"

"பிஸ்கட் லோடுக்குப் போதும்" என்றான். டேப்பைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான்.

அவன் மனதில் இருந்தது எனக்குத் தெரியும். சத்தியவேட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் லோடு பார்க்கிற மேஸ்திரி அவனுக்குப் பழக்கம். பத்தடி பாடி வைத்த வண்டி இருந்தால் தினமும் ஒரு டிரிப் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். கடை கடையாக நின்று கெஞ்ச வேண்டியதில்லை. கம்பெனி கேட்டுக்குள் போனால் இறக்குவதற்கு அவர்கள் ஆட்களே இருப்பார்கள். மத்தியானத்துக்குள் வீடு திரும்பலாம். தம்பி முதுகில் பெட்டி தூக்க ஆரம்பித்தபோது அவனுக்கு வயது பத்தொன்பது. இப்போது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறான். அந்த டிரிப்தான் அவனுடைய பத்து வருஷம்.

மறுநாள் திருப்பதி. அந்த வண்டியும் டீசல்தான், எடையும் விலையும் சற்று அதிகம். பாடி பத்தடி நீளம், உயரமும் அதிகம். தம்பி பின்னால் ஏறி நிமிர்ந்து நின்றான். கையை மேலே தூக்கிக் கூரையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தான். உள்ளேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். கல்யாணத்தன்றுகூட அவன் முகம் அவ்வளவு பிரகாசமாக இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

நான் முன்பக்கம் போனேன். படி முழங்காலுக்கு மேலே இருந்தது. நம் ஊர் வண்டியில் டிரைவர் ஏறுவதென்றால் வலது காலைப் படியில் வைத்து, இடது காலை நன்றாக மடக்கி உள்ளே போட வேண்டும். வலது காலை வைத்து ஏறிப் பார்த்தேன். இடது கால் மடங்காமல் வெளியிலேயே நின்றுவிட்டது. கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் தொங்கினேன். ஷோரூம்காரர்கள் பார்க்கிறார்களோ என்று கீழே இறங்கி, வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆ, செப்பண்டி சார்" என்று யாரிடமோ பேசினேன். தம்பி ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"எப்டிண்ணா?" என்றான்.

"ஸ்டியரிங் கொஞ்சம் கனம்" என்றேன். ஸ்டியரிங்கை நான் தொடவே இல்லை.

வீட்டில் ஒரு வாரம் இதே பேச்சு. பெயர்கூட வைத்துவிட்டோம். ஒன்று சித்தூர் வண்டி, இன்னொன்று திருப்பதி வண்டி. நான் சித்தூர் வண்டியின் பெருமைகளை அடுக்கினேன். சந்துக்குள் திரும்பும், டீசல் குறைவாகக் குடிக்கும், ஸ்பேர் நகரியிலேயே கிடைக்கும். எல்லாம் நிஜம்தான். தம்பி மறுத்துப் பேசவில்லை. என் வீட்டுக்காரிதான் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

"நீ வண்டிய பாக்கல. படிய பாத்துக்கினு கீறே."

எனக்குச் சுருக்கென்றது. கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். உண்மையைச் சொன்னவள் மேல் வருகிற கோபம் அது. தம்பி எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றான். எனக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்ல அவனுக்கு வராது. அதனால்தான் அவன் அந்த வழியைக் கண்டுபிடித்தான்.

"நமக்கு இன்னாத்துக்குண்ணா இந்த ரோதனை? அம்மாகிட்ட கேட்டுடலாம். அவ எதச் சொல்றாளோ அது."

எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பதா, நிலம் வாங்குவதா என்று முடிவு தெரியாதபோது பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்தில், சிவப்புப் பூ ஒரு பொட்டலத்தில். இரண்டையும் ஒன்று போல மடித்து அம்மன் காலடியில் போட்டுக் கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்ததுதான் அம்மன் வாக்கு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது. பிரித்தால் அவளைச் சந்தேகப்பட்டது போல ஆகிவிடும். ஒரு காரியத்துக்கு ஒரு முறைதான் கேட்கலாம்.

வெள்ளை சித்தூர் வண்டிக்கு, சிவப்பு திருப்பதி வண்டிக்கு என்று பேசிக்கொண்டோம். வீட்டுக்குப் பெரியவன் என்பதால் பொட்டலம் கட்டும் வேலை எனக்கு வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை. தம்பி டீகூடக் குடிக்கவில்லை. ஏரியில் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு வந்தான். நான் கோயிலுக்குப் பின்னால் அரளிச் செடி ஓரம் உட்கார்ந்து தெலுங்குப் பேப்பரை இரண்டு துண்டாகக் கிழித்தேன். ஒரு வெள்ளை அரளியை வைத்து மடித்தேன். சிவப்பு அரளியைக் கையில் எடுத்தேன். எடுத்தேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும், எடுக்காமலே இருந்துவிடவில்லை. கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தேன். கைப்பிடியைப் பிடித்துத் தொங்கியது ஞாபகம் வந்தது. தம்பி ஓட்ட, நான் பக்கத்து சீட்டில் பில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல ஒரு நினைப்பு வந்தது. சிவப்புப் பூவைச் செடிக்கு அடியில் போட்டுவிட்டு இன்னொரு வெள்ளையைப் பறித்தேன்.

தம்பி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குனிந்தான். கை இரண்டு பொட்டலத்துக்கும் நடுவில் அலைந்தது. ரொம்ப நேரம் அலைந்தது. எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று தெரிந்துகொண்டு அதைப் பார்த்தபடி நின்றேனே, அதைத்தான் என்னால் இன்று வரை மறக்க முடியவில்லை. ஒன்றை எடுத்துப் பிரித்தான். வெள்ளை. அவன் முகம் கொஞ்சம் வாடியது. ஒரே ஒரு நொடிதான். அப்புறம் அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, குங்குமத்தை எடுத்து எனக்கும் வைத்தான்.

"அம்மா சொல்லிட்டாண்ணா. சித்தூர் வண்டியே வாங்கிடலாம். உனக்கும் ஏறி இறங்க சௌகரியம்."

பிரிக்காத பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் ஏரித் தண்ணீரில் விட்டேன். பேப்பர் நனைந்து மூழ்கும் வரைக்கும் அங்கேயே நின்றேன்.

வண்டி வந்தது. மாலை போட்டோம், எலுமிச்சம்பழம் நசுக்கினோம். நாலு மாதம் ஓட்டினேன். அந்த நாலு மாதம் சந்தோஷமாக இருந்தேன், அதையும் மறைக்கப் போவதில்லை. காலையில் புத்தூர் தாண்டி வெயில் ஏறுவதற்குள் நகரியில் இருப்போம். தம்பி பின்னால் குனிந்து குனிந்து பெட்டியை எடுப்பான். சாயங்காலம் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தைலம் கேட்பான். சத்தியவேட்டு டிரிப் பக்கத்து ஊர்க்காரன் ஒருவனுக்குப் போனது. அவன் திருப்பதி வண்டியையே வாங்கியிருந்தான். அதே ரோட்டில் எங்களைத் தாண்டிப் போகும்போது ஹாரன் அடிப்பான். தம்பி கையைத் தூக்கிக் காட்டுவான்.

அந்த நாட்களிலேயே என் செருப்பு அடிக்கடி கழன்று போயிருக்கிறது. வீட்டுக்கு வந்துதான் ஒரு காலில் செருப்பில்லை என்று பார்ப்பேன். வண்டியில் இருக்கும் என்று தேடுவேன். புதுச் செருப்பு லூசு என்று கடைக்காரனைத் திட்டினேன். எனக்குச் சர்க்கரை இருப்பது தெரியும். மாத்திரை போடுகிறோமே, அப்புறம் என்ன என்று இருந்தேன்.

ஒரு நாள் புத்தூரில், மார்க்கெட்டுக்கு முன்னால் பதினோரு மணி இருக்கும். முன்னால் போன ஆட்டோ நின்றது. பிரேக்கை மிதித்தேன். மிதித்தேன் என்றுதான் நினைத்தேன். வண்டி நிற்கவில்லை. ஆட்டோவை விட்டு ஒடித்ததில், ஓரமாக நின்ற இளநீர் வண்டியில் போய் மோதியது. இளநீர் விற்கும் அம்மாள் யாருக்கோ காய் கொடுக்க இரண்டு எட்டு தள்ளிப் போயிருந்தாள். அதனால் தப்பித்தாள். அவள் கத்தவில்லை. கவிழ்ந்து கிடந்த தள்ளுவண்டியைப் பார்த்துவிட்டு அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள். தம்பி இறங்கி ஓடி, ரோடெல்லாம் உருண்ட காய்களைப் பொறுக்கினான். நான் குனிந்து பார்த்தேன். என் வலது கால் பிரேக்குக்குப் பக்கத்தில், வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

திருப்பதியில் ஒரு டாக்டரிடம் போனோம். கண்ணை மூடச் சொன்னார். மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தைத் தொடுவேன், தொடும்போது சொல்லுங்கள் என்றார். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். எப்போது ஆரம்பிப்பார் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். "அவ்வளவுதான், கண்ணைத் திறங்க" என்றார். பத்து இடத்தில் தொட்டாராம். தம்பியைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இனி வண்டி ஓட்டக்கூடாது என்பதைத் தெலுங்கிலும் தமிழிலும் இரண்டு முறை சொன்னார். இது சரியாகுமா என்று கேட்டேன். இதற்கு மேல் அதிகமாகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

சாவியைத் தம்பியிடம் கொடுத்தேன். எனக்காக வாங்கிய சீட்டில் அவன் உட்கார்ந்தான். சீட்டை எவ்வளவு பின்னால் தள்ளினாலும் அவன் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது. ஓட்டுவதும் அவன், இறக்குவதும் அவன். நான் பக்கத்தில் உட்கார்ந்து, பில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு போகிறேன். அரளிச் செடி ஓரம் எதை நினைத்துப் பயந்தேனோ, அதே இடத்தில்.

போன மாதம் அந்த மேஸ்திரி தம்பிக்குப் போன் செய்தார். கம்பெனியில் இன்னொரு வண்டி சேர்க்கிறார்களாம். பத்தடி பாடி இருந்தால் உடனே வா என்றார். இருக்கிற வண்டியைக் கொடுத்துவிட்டு மாற்றிக்கொள்ள ஒரு பார்ட்டியையும் அவரே சொன்னார். தம்பி போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான், நானும் கேட்டேன். அவன் யோசிக்கக்கூட இல்லை.

"இல்ல சார். எங்க அம்மா குடுத்த வண்டி இது. மாத்த மாட்டோம்."

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடி கேட்டுப் பார்க்கலாமே, வேறு பூ வைத்துக் கேட்கலாமே என்று இழுத்துப் பார்த்தேன். ஒரு காரியத்துக்கு ஒரு தபாதான் என்று முடித்துவிட்டான். அவனை அந்த வண்டியோடு கட்டிப்போட்டது அம்மன் இல்லை, நான். அவிழ்க்க வேண்டியவனும் நான்தான்.

சத்தியவேட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, ரோட்டோரப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திச் சாப்பிட உட்கார்ந்தோம். நல்ல மத்தியான வெயில். தம்பி தயிர்சோறு டப்பாவைத் திறந்து எனக்கு முதலில் வைத்தான். கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டான். எலும்பு சொடுக்கிய சத்தம் எனக்குக் கேட்டது.

"தம்பி, அன்னிக்கு நான் ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளதான் வெச்சேன்."

அவன் கை நின்றது.

"இன்னா சொல்றே?"

"செவப்பு வெக்கவே இல்ல. நீ எத எடுத்திருந்தாலும் சித்தூர் வண்டிதான் வந்திருக்கும். எனக்குப் படி ஏற முடியல. அதுக்காகத்தான். அம்மா ஒண்ணும் சொல்லல. நீ போய் வண்டிய மாத்திக்கோ."

சொல்லிவிட்டேன். திட்டுவான், எழுந்து போய்விடுவான், ஏன் அடிக்கக்கூடச் செய்வான் என்று நினைத்தேன். எதற்கும் தயாராக இருந்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

அவன் டப்பாவைக் கீழே வைத்தான். அப்புறம் சிரித்தான்.

"உனக்குப் பொய் சொல்லவே வரலண்ணா."

"பொய் இல்லடா. சத்தியமா."

"சத்தியம் பண்ணாத!" அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. அது நான் எதிர்பார்த்த கோபம் இல்லை. "எனக்குத் தெரியாதா உன்ன? போன்ல அந்தாளு பேசினதக் கேட்டே. நான் வண்டிய மாத்தணும்னு இப்டி சொல்றே. சின்னதுலேர்ந்து இதானே உனக்கு வேல. நான் துன்னுட்டேன், எனக்குப் பசிக்கலன்னு சொல்லிட்டு உன் தட்டையும் எனக்குத் தள்ளுவே. அது மட்டும் நெஜமா? எனக்காக நீ எத வேணா சொல்லு. சாமிமேல மட்டும் சொல்லாத. உனக்கு ஏற்கெனவே காலு போய்க்கினு கீது."

நான் மறுபடி ஆரம்பித்தேன். அரளிச் செடி, தெலுங்குப் பேப்பர், ஏரியில் விட்ட பொட்டலம் எல்லாம் சொன்னேன். அவன் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு யோசித்துக் கதை கட்டியிருக்கிறேனே என்று கலங்குகிறான். பிரிக்காத அந்தப் பொட்டலம் இருந்திருந்தால் காட்டியிருப்பேன். அது மூழ்கும் வரைக்கும் நின்று பார்த்தவன் நான்தான்.

"துன்னுண்ணா" என்றான். தின்றேன்.

கை கழுவிக்கொண்டு வண்டிக்கு நடந்தேன். பின்னால் கூப்பிட்டான். புளியமரத்தடியில் கிடந்த என் செருப்பை எடுத்துக்கொண்டு வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் காலைத் தூக்கி மாட்டிவிட்டான். மாட்டியது எனக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதற்குள் அவன் பின்பக்கம் போய், தலையைக் குனிந்து பாடிக்குள் ஏறி, மிச்சமிருந்த பெட்டிகளை நகர்த்தி அடுக்கிக்கொண்டிருந்தான்.